தன் கையால் ஒரு கோடு



ஒரு வகுப்பறையை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல், ஓவிய வகுப்பு. பிள்ளைகள் எல்லாரும் தலை குனிந்து வரைந்துகொண்டிருக்கிறார்கள். கடைசி வரிசையில் ஒரு சிறுவன். எழுத்துகள் அவனுக்கு எளிதில் வசப்படுவதில்லை. அவன் ஒரு வரியைப் படிப்பதற்குள் மற்றவர்கள் ஒரு பக்கத்தை முடித்துவிடுவார்கள். கையிலும் சிறிது நடுக்கம் உண்டு. அவனும் தன் தாளில் ஒரு மரம் வரையத் தொடங்குகிறான். அடிமரம் ஒரு பக்கமாகச் சாய்கிறது. அருகில் இருக்கும் மாணவி நல்ல மனம் உடையவள். "கொடு, நான் சரி செய்து தருகிறேன்" என்று தாளை வாங்குகிறாள். இரண்டே நிமிடத்தில் மரம் நிமிர்ந்து நிற்கிறது, கிளைகள் விரிகின்றன, ஒரு பறவையும் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஆசிரியர் அந்தத் தாளை உயர்த்திக் காட்டி, "பாருங்கள், எவ்வளவு அழகாக வரைந்திருக்கிறான்!" என்கிறார். வகுப்பு கை தட்டுகிறது. அந்தச் சிறுவன் மட்டும் தலை நிமிரவில்லை.

ஏன் நிமிரவில்லை? அங்கே யாரும் அவனுக்குத் தீங்கு நினைக்கவில்லை. தோழி அன்பால் செய்தாள். ஆசிரியர் பரிவால் புகழ்ந்தார். ஆயினும் அவனிடம் இருந்த ஏதோ ஒன்று பறிபோய்விட்டது. சாய்ந்த மரம் அவனுடையது. நிமிர்ந்த மரம் அவனுடையது அன்று. கைதட்டல் கிடைத்ததோ நிமிர்ந்த மரத்துக்கு. "உன்னால் ஆகாது" என்று ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல்லையே எல்லாரும் கூடிக் கைதட்டிச் சொல்லிவிட்டார்கள்.

கற்பதில் சிறப்பான துணை வேண்டியிருக்கும் மாணவர்களுக்குக் கலைகள் எவ்வாறு தன்னம்பிக்கை ஊட்டுகின்றன என்பதுபற்றியே இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். கண் பார்வை குன்றியவர், செவிப்புலன் இழந்தவர், கை கால்கள் எளிதில் இயங்காதவர், அறிவு வளர்ச்சி மெல்ல நிகழ்கின்றவர், ஆட்டிசம் உடையவர், எழுத்தும் எண்ணும் குழப்பம் தருகின்ற டிஸ்லெக்சியா போன்ற கற்றல் இடர்ப்பாடு உடையவர் என்று இவர்கள் பல திறத்தினர். 2016ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை எண்ணிக் கூறுகிறது. ஆகவே, இவர்கள் எங்கோ தொலைவில் இருப்பவர் அல்லர். உங்கள் வகுப்பிலும் இருக்கலாம். உங்கள் வீட்டிலும் இருக்கலாம். ஒருவேளை, இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நீங்களே அவர்களுள் ஒருவராகவும் இருக்கலாம்.

தன்னம்பிக்கை என்பது எப்படிப் பிறக்கிறது? புகழ்ந்தால் பிறக்கும் என்று பலர் கருதுகிறார்கள். புகழ்ச்சி இனிப்பானதுதான், ஆனால் இனிப்பைத் தின்று யாரும் வலிமை பெற்றதில்லை. "இதை நான் எண்ணினேன், நான் தொடங்கினேன், இதோ, நானே முடித்தேன்" என்று ஒருவன் தன் செயலைத் தானே கண்டு உணரும்போதுதான் நம்பிக்கை வேர் பிடிக்கிறது. அந்த உணர்ச்சியைக் கலை எவ்வளவு ஆழமாகத் தருகிறது என்பதற்கு ஓர் அம்மையாரின் வாழ்க்கையைச் சொல்லுகிறேன்.

அமெரிக்க நாட்டில் ஒஹாயோ மாநிலத்தில் 1943ஆம் ஆண்டில் இரட்டைப் பெண்குழந்தைகள் பிறந்தன. ஒருத்தி பெயர் ஜாய்ஸ். மற்றொருத்தி ஜூடித் ஸ்காட். ஜூடித் பிறவியிலேயே டவுன் சிண்ட்ரோம் என்னும் நிலை உடையவள். அறிவு வளர்ச்சி மெல்ல நடைபெறும் நிலை அது. அதனோடு மற்றொரு குறையும் சேர்ந்திருந்தது. அவளுக்குக் காது கேளாது. ஆனால் அதை ஒருவரும் கண்டறியவில்லை. ஏழு வயதில் அவளுடைய அறிவுத்திறனைச் சோதித்தார்கள். செவிப்புலன் இல்லாத குழந்தையிடம் வாயினால் கேள்வி கேட்டால் என்ன விடை வரும்? விடை வரவில்லை. "இக்குழந்தைக்குக் கல்வி பயன்படாது" என்று முடிவு கட்டினார்கள். பள்ளியின் கதவு மூடியது. 1950ஆம் ஆண்டில் அவளை வீட்டிலிருந்து பிரித்து, அறிவு குன்றியோருக்கான அரசு விடுதியில் சேர்த்துவிட்டார்கள்.

அன்று முதல் 35 ஆண்டுகள் அத்தகைய விடுதிகளிலேயே கழிந்தன. 35 ஆண்டுகள்! நீங்கள் இதுவரை வாழ்ந்திருக்கும் வயதை இரண்டு மடங்காக்கிப் பாருங்கள். கேள்வி ஒன்றைத் தவறான வழியில் கேட்டதனால் ஒரு மனித உயிர் இழந்த காலம் அது. கேட்டவர் செய்த பிழை, கேட்கப்பட்டவரின் தலையெழுத்தாகிவிட்டது.

உடன்பிறந்த ஜாய்ஸுக்கோ மனம் ஆறவில்லை. பின்பு தம் சகோதரிக்குச் சட்டப்படி பாதுகாவலராகி, அவரைக் கலிபோர்னியாவில் தம் இருப்பிடத்துக்கு அழைத்து வந்தார். அங்கே ஓக்லண்டு நகரத்தில் கிரியேட்டிவ் குரோத் என்னும் கலைக்கூடம் இருந்தது. 1974ஆம் ஆண்டில் எலியாஸ் கட்ஸ் என்னும் உளவியல் அறிஞரும், அவருடைய துணைவியாரும் ஓவியருமாகிய ஃபுளோரன்ஸ் லூடின்ஸ் கட்ஸும் தொடங்கிய நிலையம் அது. மனவளர்ச்சி குன்றியோரும் பிறவகைக் குறைபாடு உடையோரும் நாள்தோறும் அங்கு வந்து படம் வரையலாம்; களிமண் பிசையலாம்; நெசவு செய்யலாம். "இதைச் செய், இப்படிச் செய்" என்று கட்டளையிடும் ஆசிரியர்கள் அங்கு இல்லை. கலைஞர்களே உதவியாளராக இருப்பார்கள், பொருள்களை எடுத்துக் கொடுப்பார்கள், அருகில் இருப்பார்கள், அவ்வளவே.

1987ஆம் ஆண்டில் ஜூடித் அங்கே சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 43. உடனே அதிசயம் நிகழ்ந்தது என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். நிகழவில்லை. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அவர் எதிலும் ஈடுபாடு காட்டவில்லை. வண்ணம் கொடுத்தார்கள், மனம் செல்லவில்லை. களிமண் கொடுத்தார்கள், கை செல்லவில்லை. இந்த இரண்டு ஆண்டுகளைத்தான் நான் பெரிதும் போற்றுகிறேன். ஏனெனில், "இவருக்கு இது வராது" என்று அந்த நிலையத்தார் அவரை அனுப்பிவிடவில்லை. "இவர் சார்பில் நாம் ஏதாவது செய்து காட்டிவிடுவோம்" என்றும் எண்ணவில்லை. காத்திருந்தார்கள்.

பின்பு ஒருநாள், சில்வியா செவென்டி என்னும் நூலிழைக் கலைஞர் அங்கே ஒரு வகுப்பு நடத்தினார். ஜூடித்தின் கைக்கு நூலும் கயிறும் துணியும் கிடைத்தன. கை விழித்துக்கொண்டது! அவர் ஒரு பொருளை எடுத்தார்; அதன்மேல் நூலைச் சுற்றினார்; முடிச்சிட்டார்; மீண்டும் சுற்றினார். அந்தக் கலைஞர் கற்றுக்கொடுத்த முறை அன்று அது. ஜூடித் தாமே கண்டுகொண்ட முறை. வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் ஒரே பொருளைச் சுற்றிச் சுற்றி, பல நிறங்கள் கலந்த பெரிய உருவமாக ஆக்குவார். எதை உள்ளே வைப்பது, எந்த நூலை எடுப்பது, எப்போது நிறுத்துவது என்று ஒவ்வொன்றையும் முடிவு செய்தவர் அவரே. 2005ஆம் ஆண்டில் மறையும்வரை அவர் படைத்தவை ஏறக்குறைய 200. நியூயார்க் நகரத்தின் நவீன கலைக் காட்சிச்சாலையில் இன்று அவருடைய படைப்பு இருக்கிறது. 2014ஆம் ஆண்டில் புரூக்ளின் அருங்காட்சியகம் அவருடைய படைப்புகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. "கல்வி பயன்படாது" என்று ஏழு வயதில் தள்ளிவைக்கப்பட்ட அதே ஜூடித்தான் இவர்.

அருங்காட்சியகத்தில் இடம் பெற்றதனாலேதான் அவர் வாழ்க்கை சிறந்தது என்று கருதிவிடாதீர்கள். தம் பொருள் காட்சிக்கு வைக்கப்பட்டதா, விலைக்குப் போயிற்றா என்பதில் அவருக்கு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. பேசவும் எழுதவும் அறியாத ஒருவர், தம் வாழ்நாளில் முதன்முறையாகத் "இது வேண்டும், இது வேண்டாம்" என்று தீர்மானிக்கும் உரிமையைப் பெற்றார் அல்லவா? அதுவே பெரிது. அந்த உரிமை கையில் வந்த நாள்முதல் அவர் காலையில் வந்து அமர்ந்து, மாலைவரை உழைத்தார். உழைக்கும்படி எவரும் ஏவவில்லை.

கலைக்கு மட்டும் இந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது? சற்று எண்ணிப் பார்ப்போம். கணக்குப் பாடத்தில் ஏழும் எட்டும் பதினைந்து; வேறு விடைக்கு இடமில்லை. எழுத்துக்கூட்டுதலிலும் அப்படியே. படிப்பில் பின்தங்கும் பிள்ளை காலைமுதல் மாலைவரை தவறு, தவறு என்ற சிவப்பு மைக் குறியையே காண்கிறான். நாளடைவில் "விடை தவறு" என்பது "நானே தவறு" என்று அவன் உள்ளத்தில் திரிந்துவிடுகிறது. ஓவியத்தில் ஒரே விடை என்பது இல்லை. பத்துப் பேர் ஒரு மாமரத்தை வரைந்தால் பத்து மாமரங்கள் கிடைக்கும், பத்தும் மாமரமே. அங்கே அவன் முதல்முறையாகத் தவறு செய்யும் அச்சம் இல்லாமல் மூச்சு விடுகிறான்.

மற்றொன்றும் உண்டு. களிமண்ணும் வண்ணமும் மத்தளமும் பொய் சொல்வதில்லை. மெல்லத் தட்டினால் மெல்ல ஒலிக்கும். ஓங்கித் தட்டினால் ஓங்கி ஒலிக்கும். மண் குழைந்தால் வளையும், காய்ந்தால் வெடிக்கும். "பாவம், இவனுக்கு இயலாது" என்று மண் பரிவு காட்டாது. "இவன் மந்தன்" என்று ஏளனமும் செய்யாது. கை செய்ததை அப்படியே திருப்பிக் காட்டும். இரக்கத்துக்கும் ஏளனத்துக்கும் நடுவே வளர்ந்த பிள்ளைக்கு இந்த நேர்மை எவ்வளவு பெரிய விருந்து என்பதை நாம் எளிதில் உணரமாட்டோம். பானை உடைந்தால் அது அவன் உடைத்த பானை. மறுநாள் உடையாமல் நின்றால், அதுவும் அவன் நிறுத்திய பானையே.

ஆசிரியர்க்கும் ஒரு படிப்பினை உண்டு. ஸ்காத்லாந்து நாட்டில் அபர்தீன்ஷயர் பகுதியில், ஒரு பண்ணை வீட்டில் 1965ஆம் ஆண்டில் பிறந்தவர் ஈவ்லின் கிளென்னி. எட்டு வயதில் அவருடைய செவிப்புலன் குறையத் தொடங்கியது; பன்னிரண்டு வயதில் ஏறக்குறைய முழுதும் போய்விட்டது. அந்தப் பெண் தாளக் கருவிகளைக் கற்க விரும்பினாள். காது கேளாதவருக்கு இசையா என்று சிரித்து அனுப்பியிருக்கலாம். பள்ளியில் தாளக் கருவி பயிற்றுவித்த ரான் ஃபோர்ப்ஸ் அவ்வாறு செய்யவில்லை. பேரிகை முழங்கும்போது சுவரின்மேல் கையை வைத்து, அதிர்வை உணரச் செய்தார். கீழ்ச்சுருதி காலிலும் பாதத்திலும், மேல்சுருதி முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் அதிர்வதை அவள் மெல்ல மெல்ல அறிந்துகொண்டாள். உடம்பே காதாயிற்று! பின்னாளில், அதிர்வைத் தரையிலிருந்து நன்கு பெறுவதற்காகக் காலணி இல்லாமல் மேடையில் நின்று வாசிப்பது அவருடைய வழக்கமாயிற்று.

இலண்டனில் உள்ள அரச இசைக் கல்விக்கழகத்தில் சேர அவர் விண்ணப்பித்தபோது, முதலில் இடம் தர மறுத்தார்கள். காது கேளாத இசைக்கலைஞருக்கு எதிர்காலம் என்ன இருக்கிறது என்பது அவர்களுடைய ஐயம். அவர் வாளா இருக்கவில்லை. "என் வாசிப்பைக் கேட்டு முடிவு செய்யுங்கள், என் காதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்" என்னும் கருத்துப்பட வாதாடினார். மீண்டும் வாசித்துக் காட்டி, 1982ஆம் ஆண்டில் அங்கே மாணவியானார். 2012ஆம் ஆண்டில் இலண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஆயிரம் முரசு முழக்கியோருக்குத் தலைமை தாங்கி நின்றவர் அவரே. பன்னிரண்டு வயதில் சுவரின்மேல் கை வைத்து உணர்ந்தது ஓசையை மட்டும் அன்று. "என் வழியில் என்னால் முடியும்" என்ற உறுதியையும் அன்றே உணர்ந்தார். அந்த உறுதிதான் பின்பு தேர்வாளர்களின் முன்னே நின்று பேசியது.

நம் நாட்டிலும் எடுத்துக்காட்டுக்குக் குறைவில்லை. வங்காளத்தில் 1904ஆம் ஆண்டில் பிறந்தவர் வினோத் பிகாரி முகர்ஜி. பிறவியிலிருந்தே ஒரு கண்ணுக்குப் பார்வை இல்லை. மற்றொரு கண்ணும் மிக மங்கல். அதனால் வழக்கமான பள்ளிப் படிப்பு அவருக்குக் கைகூடவில்லை. தாகூர் நிறுவிய சாந்திநிகேதனத்துக்கு அனுப்பினார்கள். அங்கே கலாபவனத்தில் ஓவியம் பயிலச் சேர்ந்தார். கண் தெரியாத பையன் எப்படி ஓவியம் கற்பான் என்று ஆசிரியர் நந்தலால் போஸுக்கு முதலில் ஐயம் எழுந்ததாகவும், அவனுக்கு ஈடுபாடு இருக்குமானால் அவன் வழியிலே விட்டுவிடும்படி தாகூர் சொன்னதாகவும் ஒரு செய்தி உண்டு. விட்டுவிட்டார்கள். அந்த மங்கிய கண்ணோடு அவர் 1946, 1947ஆம் ஆண்டுகளில் சாந்திநிகேதனத்தின் இந்தி பவனச் சுவர்களில் இடைக்காலத்து அடியார்களின் வாழ்வைத் தீட்டினார். இந்திய நாட்டின் சிறந்த சுவரோவியங்களுள் ஒன்றாக அறிஞர்கள் அதனைப் போற்றுகிறார்கள்.

ஐம்பது வயதைக் கடந்த பின்பு, கண் சிகிச்சை ஒன்று பலிக்காமல் எஞ்சியிருந்த பார்வையும் போய்விட்டது. ஓவியனுக்குக் கண் போனால் வேறு என்ன மிச்சம்? கை மிச்சம் என்றார் அவர். சொல்லாமல் செய்து காட்டினார். வண்ணத் தாள்களைக் கத்தரித்து ஒட்டினார். மெழுகில் உருவங்கள் சமைத்தார். 1972ஆம் ஆண்டில், முழுதும் பார்வையற்ற நிலையில், கலாபவனத்தில் சுட்ட மண் ஓடுகளால் பெரியதொரு சுவரோவியத்தை அமைத்தார். அவரிடம் பயின்ற சத்யஜித் ராய் அவரைப்பற்றி அதே ஆண்டில் ஒரு திரைப்படம் எடுத்தார். 'அகக்கண்' என்று பொருள்படும் பெயரை அதற்கு இட்டார். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் படித்துவிட்டுச் சாந்திநிகேதனம் சென்ற கே. ஜி. சுப்பிரமணியனும் இவருடைய மாணவரே. கண் மங்கிய ஆசிரியர், கண்ணுள்ள மாணவர்களுக்குக் காணக் கற்றுக்கொடுத்தார்!

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். அந்த ஓட்டுச் சுவரோவியத்தை அமைக்க மற்றவர்களும் அவருக்குத் துணை செய்தார்கள். துணை வேண்டாம் என்று அவர் மறுக்கவில்லை. ஆகவே, உதவியே செய்யக்கூடாது என்று நான் சொல்வதாக எண்ணாதீர்கள். மற்றவர்கள் ஓட்டை எடுத்து வைத்தார்கள். எங்கே எது என்று சொன்னவர் அவர். கையைக் கடன் கொடுக்கலாம், முடிவைப் பறித்துக்கொள்ளலாகாது. முதலில் நாம் கண்ட வகுப்பறையில் நல்ல மனம் உடைய தோழி செய்த பிழை இதுதான். அவள் கொடுத்தது கையன்று, தன் மரத்தை.

நம் இலக்கிய வரலாற்றில் இரட்டைப் புலவர் என்று இருவரை அறிவீர்கள். ஒருவர் பார்வை இல்லாதவர். மற்றவர் நடக்க இயலாதவர். நடக்க இயலாதவரைப் பார்வையற்றவர் தம் தோளில் சுமந்து சென்றார். தோள்மேல் இருந்தவர் வழி சொன்னார். ஒருவர் பாட்டின் முற்பகுதியைப் பாட, மற்றவர் பிற்பகுதியைப் பாடி முடிப்பார் என்பது வழிவழியாக வரும் செய்தி. முற்பகுதியைப் பாடியவரே முழுதும் பாடிவிட்டால் மற்றவருக்கு என்ன வேலை? பாட்டைப் பாதியில் நிறுத்தத் தெரிந்ததுதான் அவர்களுடைய நட்பின் அழகு. உதவி என்பதற்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

மற்றோர் எச்சரிக்கையும் தேவை. கலை ஒரு மந்திரக்கோல் அன்று. ஓவியம் வரைந்தால் காது கேட்கும் என்றோ, பாட்டுப் பாடினால் எழுத்துக்குழப்பம் நீங்கும் என்றோ யாரும் உறுதி கூற இயலாது. ஒவ்வொரு பிள்ளையும் ஜூடித் ஸ்காட் ஆகவேண்டும் என்பதும் இல்லை. 2007ஆம் ஆண்டில் வெளிவந்த 'தாரே ஜமீன் பர்' என்னும் இந்தித் திரைப்படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். டிஸ்லெக்சியா உள்ள எட்டு வயதுச் சிறுவனை ஓர் ஓவிய ஆசிரியர் கண்டறிந்து கரையேற்றுகிறார். இறுதியில் ஓவியப் போட்டியில் சிறுவனுக்கு முதற்பரிசு கிடைக்கிறது. பரிசு நம் கண்ணில் நீரை வரவழைக்கிறது. ஆனால் அப்படத்தில் நான் மிக விரும்புவது மற்றொரு பகுதி. ஆசிரியர் அவனுக்கு மணலில் எழுத்தை எழுதிக் காட்டுகிறார். களிமண்ணில் எழுத்தை உருட்டச் செய்கிறார். ஓவியம் வருகிறது, எழுத்து எதற்கு என்று அவர் விட்டுவிடவில்லை. கலையில் பெற்ற துணிவைக் கொண்டு, அஞ்சி ஓடிய எழுத்தையும் எதிர்கொள்ளச் செய்தார். கலை பாடத்துக்கு மாற்று அன்று; பாடத்தை நோக்கி நிமிர்ந்து நடப்பதற்கு ஊன்றுகோல். பரிசு கிடைக்காத பிள்ளைக்கும் அந்த ஊன்றுகோல் உரியது.

இது சலுகையும் அன்று. 2006ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, இவர்கள் தங்கள் படைப்பாற்றலையும் கலைத்திறனையும் வளர்த்துக்கொள்ள வாய்ப்புத் தரவேண்டும் என்று நாடுகளைக் கேட்டுக்கொள்கிறது. அவர்களுடைய நன்மைக்காக மட்டும் அன்று, சமுதாயம் வளம் பெறுவதற்காகவும் என்று அது காரணம் காட்டுகிறது. இந்தியா அதனை 2007ஆம் ஆண்டில் ஏற்று உறுதி செய்தது. கவனியுங்கள்: சமுதாயம் வளம் பெறுவதற்காக! அவர்கள் வரையாத படத்தால் நட்டம் அவர்களுக்கு மட்டும் அன்று, நமக்கும்தான்.

இனி, மாணவர்களாகிய நீங்கள் செய்யக்கூடியது என்ன? பெரிய பொருட்செலவு ஒன்றும் வேண்டியதில்லை. பென்சிலைப் பிடிக்க இயலாத விரல்களுக்கு, பென்சிலின்மேல் துணியைச் சுற்றித் தடிமனாக்கிக் கொடுங்கள். கை நடுங்கினால் தாள் நகர்ந்துவிடும். தாளின் நான்கு மூலைகளையும் மேசையில் ஒட்டிவிடுங்கள். பார்வையில்லாத தோழனுக்குத் தாளின்மேல் நூலைப் பசையிட்டு ஒட்டிக் கொடுத்தால், விரலால் கோட்டைத் தொட்டு அறிவான். காது கேளாத தோழி நடனமாட விரும்பினால், மரத்தரைமேல் நின்று தாளத்தின் அதிர்வைப் பாதத்தால் உணர்வாள். ஆட்டிசம் உடைய பிள்ளைகளுள் சிலருக்குப் பேரோசை தாங்காது. மேளம் முழங்கும்போது காதைப் பொத்திக்கொள்கிறவனைக் கோழை என்று எண்ணாமல், அமைதியான ஒரு மூலையைத் தாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, "உனக்கு உதவி வேண்டுமா? எப்படி வேண்டும்?" என்று கேளுங்கள். கேட்ட பிறகு விடைக்குக் காத்திருங்கள். விடை மெல்ல வரும், வராமலும் போகும். அப்போதும் காத்திருங்கள். அந்த ஓக்லண்டு கலைக்கூடம் காத்திருந்தது ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள்; நாம் இரண்டு நிமிடங்களாவது காத்திருக்கலாம் அல்லவா?

பள்ளி ஆண்டுவிழாவிலும் இதை மறவாதீர்கள். "பார்வையற்ற மாணவன் செய்த பொம்மை" என்று எழுதி வைக்காதீர்கள். அவன் பெயரை எழுதுங்கள். பொம்மையின் பெயரை எழுதுங்கள். அது போதும். பொம்மை நன்றாக இருந்தால் எதனால் நன்றாக இருக்கிறது என்று அவனிடம் சொல்லுங்கள். "மூக்கு கூர்மையாக வந்திருக்கிறது" என்று சொல்வது, "ஆகா, அற்புதம்!" என்று நூறு முறை சொல்வதைவிட மேலானது. முன்னதில் நீங்கள் அவனுடைய வேலையைப் பார்க்கிறீர்கள். பின்னதில் அவனுடைய குறையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

எனக்கு அளித்த நேரம் முடியப்போகிறது. அந்த வெள்ளிக்கிழமை வகுப்புக்கு ஒருமுறை திரும்பிச் செல்வோம். அதே சிறுவன், அதே தாள், அதே சாய்ந்த மரம். தோழி தாளை வாங்கக் கை நீட்டுகிறாள். நீட்டிய கையைப் பின்வாங்கி, "உன் மரம் ஏன் சாய்ந்திருக்கிறது?" என்று கேட்கிறாள். சிறுவன் சற்று நேரம் பேசாமல் இருக்கிறான். பிறகு, "காற்றடிக்கிறது" என்கிறான்.

காற்றடிக்கிறது! மரம் சாய்ந்ததற்குக் காரணம் கை நடுக்கமாகவே இருக்கட்டும். ஆனால் இப்போது அதில் காற்று வீசுகிறது. வீசச் செய்தவன் அவன். இனி அவன் இலைகளையும் அதே பக்கம் பறக்கவிடுவான்; பக்கத்தில் நிற்கும் மனிதனின் மேல்துண்டையும் பறக்கவிடுவான். தாள் நிறைந்ததும், யாரும் கை தட்டாமலே அவன் தலை நிமிரும்.

அந்தத் தலை நிமிர்வதை ஒருமுறையாவது உங்கள் கண்ணால் காணும் பேறு உங்களுக்குக் கிடைக்கட்டும். அதற்கு நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம், அவன் தாளை அவனிடமே விட்டுவைத்து, ஒரு கேள்வி கேட்டுக் காத்திருப்பதுதான்.